கையில் நின்ற காய்ச்சல்

தெர்மாமீட்டர் தொழிற்சாலைக்கு இரண்டாவது மாடி கட்டிய வருடம், அங்கே குழாய்களில் பாதரசம் நிரப்பும் வேலை பார்த்த ஒரு பெண்ணின் இடது முன்கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி, நூல் கனத்தில் ஒரு வெள்ளிக் கோடு தோன்றியது. எதிரில் நிற்பவருக்குக் காய்ச்சல் இருந்தால் அந்தக் கோடு ஏறும். காய்ச்சல் எவ்வளவோ அவ்வளவு ஏறும். சர்க்கரை விலை ஏறியதும், பாலத்துக்கு அந்தப் பக்கம் பேருந்து விட்டதும் அதே வருடம்தான். ஊரில் அதிகம் பேசப்பட்டது சர்க்கரையைப் பற்றி.

இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை என்று ஊர்க்காரர்கள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஊரின் ஒவ்வொரு தெருவும் ஏதாவது ஒரு தனிமத்தை நம்பிப் பிழைத்தது. நகராட்சி மாட்டிய பெயர்ப் பலகைகளைத் துரு தின்றுவிட்டதால், மக்கள் தங்களுக்குத் தோதான பெயர்களை வைத்துக்கொண்டார்கள். பழைய பேட்டரிகளை உடைத்து உருக்குகிற இடம் ஈயத் தெரு. அங்கே குழந்தைகளைத் தூக்கினால் கனம் தாங்காமல் கை இறங்கிவிடும். ஆனால் பெயரைக் கேட்டால் அந்தக் குழந்தைகள் வெகுநேரம் யோசித்துத்தான் சொல்லும். குழாய்களுக்கும் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் பளபளப்பு ஏற்றுகிற இடம் குரோமியத் தெரு. அங்கே மூக்கின் நடுத்தண்டு அரித்து ஓட்டையாகிப் போன ஆண்கள், ஒரு துவாரத்தில் நூலை விட்டு மறு துவாரத்தில் எடுத்து, கல்யாண வீடுகளில் வேடிக்கை காட்டுவார்கள். இரும்பு வாளிகளுக்குப் பூச்சுப் போடுகிற இடம் துத்தநாகத் தெரு. ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கட்கிழமை அந்தப் புகையை மறுபடி மூச்சில் வாங்கும் ஆட்கள் அத்தனை பேருக்கும் அன்று சாயங்காலம் காய்ச்சல் வரும். செவ்வாய் காலையில் தானாகப் போய்விடும் என்பதால் யாரும் மருந்து சாப்பிடுவதில்லை. வாளியும் குழாயும் பேட்டரியும் தெர்மாமீட்டரும் லாரி ஏறி எங்கெங்கோ நல்ல வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மிச்சம் மீதி ஊர்க்காரர்களின் உடம்பிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பெண் இருந்தது பாதரசத் தெருவில், தொழிற்சாலையின் பின்சுவரை ஒட்டிய இரண்டு அறை வீட்டில். அவளுடைய வேலை பார்ப்பதற்குச் சுலபம். மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கட்டாக, வாய் கீழே இருக்கும்படி, ஒரு மூடிய பாத்திரத்துக்குள் நிறுத்த வேண்டும். உள்ளேயிருக்கும் காற்றைப் பம்பால் இழுத்துவிட்டு மெல்லத் திறந்தால், பாதரசம் தானே குழாய்களுக்குள் ஓடி ஏறிக்கொள்ளும். சிந்துவதும் உண்டு. தரையின் விரிசல்கள் வெள்ளியால் அடைத்தவை மாதிரி மின்னும். அந்த அறையில் வேலை பார்க்கும் பெண்கள் தலைமுடியை இறுக்கிக் கொண்டை போட்டுத் துணி கட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். அப்படியும் வீட்டுக்கு வந்து காகிதம் விரித்து முடியை அவிழ்த்தால், கடுகு கடுகாகப் பாதரச மணிகள் உதிரும். குழந்தைகள் தீக்குச்சியால் அவற்றைத் துரத்தி ஒன்றோடொன்று சேர்த்து விளையாடும். சேர்ந்த மணி பெரிதாகும்போது கை தட்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுடைய கல்யாண மோதிரம் வெளுத்துப் போனது. நகைக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கடைக்கே போய்ச் சத்தம் போட்டாள். அவர் மோதிரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தங்கம் நல்ல தங்கம்தாம்மா. பாதரசம் ஏறிக்கிச்சு. இனிமே கழட்டி வெச்சிட்டு வேலைக்குப் போங்க" என்றார். அவள் கழற்றவில்லை. அவளுடைய புருஷனும் அதே தொழிற்சாலைதான் என்பதால் அவர் மோதிரமும் சீக்கிரமே வெளுத்தது. ஜோடிக்கு ஜோடி சரியாகிவிட்டது என்று அவர் சொல்லிச் சிரித்தார். அந்த ஆள் எதற்கும் சிரிப்பார். தெருவில் அவர் பட்டப்பெயர் வைக்காத ஆளே இல்லை. தொழிற்சாலை மேலாளருக்கு அவர் வைத்த பெயரை அச்சில் போட முடியாது.

புருஷன் கண்ணாடியை இளக்கும் சுடர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்கிறவர். தெர்மாமீட்டரில் குமிழுக்குச் சற்று மேலே குழாய் ஓரிடத்தில் மிகவும் குறுகியிருக்கும். சூட்டில் மேலே ஏறிய பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டித் தானாகத் திரும்பி வராது. வாயிலிருந்து எடுத்த பிறகும் அளவைப் படிக்க முடிவது அதனால்தான். மறுபடி வைக்குமுன் உதற வேண்டியிருப்பதும் அதனால்தான். அந்த இடுக்கைச் சுடரில் இளக்கி உண்டாக்குவது அவருடைய கைவேலை. ஆகவே, மகள் சிறுமியாக இருக்கும்போது ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்து, மடியில் போட்டுக்கொண்டிருந்த மனைவியின் கையில் அதுவரை கண்ணுக்குத் தெரியாத கோடு கிடுகிடுவென்று முழங்கை மடிப்பு வரை ஏறியதையும், காய்ச்சல் இறங்கிய பிறகும் அது இறங்காமல் நின்றதையும் பார்த்தபோது, அவர் டாக்டரைத் தேடி ஓடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தார். தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி கையை ஓர் உதறு உதறினார். கோடு விறுவிறுவென்று இறங்கி மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

"இல்லங்க. என்னவோ வீடு திரும்பின மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்ததும் அவளுக்குக் காய்ச்சலக்கா என்று பெயர் வந்தது. வைத்தது வேறு யார், புருஷன்தான். உலகத்துக்கெல்லாம் தெர்மாமீட்டர் செய்து அனுப்பிய அந்தத் தெருவில் ஒரு வீட்டில்கூடத் தெர்மாமீட்டர் கிடையாது. சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். உடைந்த துண்டு ஒன்று அகப்பட்டாலும் மறுநாள் வேலை இல்லை. எனவே குழந்தை சூடாக இருந்தால் தூக்கிக்கொண்டு காய்ச்சலக்கா வீட்டுக்கு வந்தார்கள். கையை நீட்டினால் போதும். மகள் பள்ளிக்கூடப் பேனாவால் அம்மாவின் கையில் கோடுகள் போட்டு வைத்தாள். இந்தக் கோடு வரை ஈரத்துணி, இது வரை மாத்திரை, முழங்கை மடிப்பைத் தொட்டால் ஆஸ்பத்திரி. வந்தவர்கள் போன பிறகு புருஷன் உதறிவிடுவார். அது முக்கியம். கண்ணாடிக் குழாயில், முந்தைய அளவை மிஞ்சினால்தான் பாதரசம் மேலே நகரும்; இவள் கையில் நின்ற இடத்திலிருந்தே அடுத்த காய்ச்சலும் ஏறும். ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். மகளுடைய பள்ளிக்கூடச் சுவரில் தனிமங்களின் அட்டவணை தொங்கியது. வீட்டில் எங்கெங்கே என்னென்ன தனிமம் இருக்கிறது என்று பரீட்சையில் கேட்டார்கள். பென்சிலில் கரி, உப்பில் சோடியம், விளக்கு இழையில் டங்ஸ்டன், வாளியில் துத்தநாகம் என்று வரிசையாக எழுதிய பிள்ளை, பாதரசம் அம்மா கையில் என்று எழுதினாள். வாத்தியார் அதை மட்டும் தவறென்று அடித்தார். அவர் வெளியூர்க்காரர்.

காய்ச்சலக்காவால் எவ்வளவு தாங்க முடியும் என்பது ஒரு திங்கட்கிழமை தெரிந்தது. ஓட்டை வாளிக்கு அடி மாற்றுவதற்காகத் துத்தநாகத் தெருவுக்குப் போனவள், கடையில் கூட்டம் இருந்ததால் சாயங்காலம் வரை காத்திருந்துவிட்டாள். திரும்பி வரும்போது இரண்டு பக்கமும் வாசலில் கட்டில் போட்டு ஆண்கள் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கட்டிலைத் தாண்டும்போதும் கோடு ஏறியது. முழங்கையைத் தாண்டி, மேல்கையைத் தாண்டி, அக்குளுக்குப் போய்விட்டது. தெரு முனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இதயம் ஒரு துடிப்பை விட்டுவிட்டுத் துடித்தது, பிறகு இரண்டை விட்டது. யாரோ ஓடிப் போய்ச் சொல்ல, புருஷன் வேலை உடுப்போடு ஓடி வந்து நடுத்தெருவில் அவள் கையை உதறினார். கோடு இறங்கியது, மூச்சு வந்தது. வாளி அங்கேயே கிடந்தது. நெஞ்சுக்குப் போனால் முடிந்தது கதை என்பது அன்றைக்கு அந்த வீட்டில் மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது.

சுடரையே பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கியது. உடைக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். தேறாத தெர்மாமீட்டர்கள் வந்து சேருகிற இடம் அது. கோணலானவை, எண் மாறி அச்சானவை, பாதரச நூல் நடுவில் அறுந்து மேலே ஒரு துளி தனியாக ஒட்டிக்கொண்டு நிற்பவை, எல்லாவற்றையும் உடைத்துப் பாதரசத்தை வடித்தெடுக்க வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தார். முதலில் ஈறு கறுத்தது. பல் ஆடியது. பிறகு கை ஆடத் தொடங்கியது. அது நிற்கவே இல்லை. தேநீர் டம்ளரைப் பாதிதான் நிரப்பிக் கொடுப்பாள், அப்படியும் சட்டையில் கொட்டிக்கொள்வார். எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. பாதரசம் அப்படியும் செய்யும் என்பார்கள். தெருவையே கேலி செய்த மனிதர், யாராவது கதவைத் தட்டினால் உள்ளறைக்கு ஓடிப் போய்க் கதவிடுக்கில் நின்றார். தெரு அவருக்கு ஆட்டக்காரர் என்று பெயர் வைத்தது. முன்பு அவரிடம் பெயர் வாங்கியவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. இதை எழுதும்போது கோபம் வருகிறது.

அவள் மேலாளரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். "பாதரசம் எங்கதாம்மா இல்ல? உங்க வீட்டு டியூப்லைட்ல இருக்கு. பல் அடைக்கிற பூச்சுல இருக்கு. மீன்ல இருக்கு. உப்புலகூட சோடியம் இருக்கு, தண்ணியில போட்டா வெடிக்கும். அதுக்காக உப்பு இல்லாமயா சாப்பிடுறோம்?" என்றார். அவர் பேச்சு சாமர்த்தியமானது. எழுந்து வாசல் தாண்டிய பிறகுதான் அதற்குப் பதில் தோன்றும். பேசும்போது அவர் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார் என்பதை அவள் கவனித்தாள்.

ஆனால் புருஷனின் ஆடுகிற கையால் ஒரு காரியம் ஆயிற்று. இப்போது உதறத் தேவையில்லை. சாயங்காலம் அவர் வந்து மனைவியின் மணிக்கட்டைச் சும்மா பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும், கை ஆடுகிற ஆட்டத்தில் கோடு சொட்டுச் சொட்டாக இறங்கி மணிக்கட்டுக்கு வந்துவிடும். வேறெதற்கும் உதவாத கை அதற்கு மட்டும் உதவியது. அந்த நேரத்தில் அவருக்கு வெட்கமும் இருக்காது, பழைய மாதிரி ஏதாவது சொல்லிச் சிரிப்பார். "தெரு பூரா என் கையப் பாத்துச் சிரிக்குது. உனக்கு மட்டும்தான் இது மருந்து" என்பார். இரவுச் சாப்பாடு வரை அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். மகளுக்கு அப்பாவைப் பற்றிப் பின்னால் அதிகம் நினைவில் நின்றது அந்த நேரம்தான்.

சிறுநீரகம் போய், உடம்பு வீங்கி, காய்ச்சலில் விழுந்து ஒரு நண்பகலில் அவர் செத்துப் போனார். அவள் பக்கத்திலேயே இருந்தாள். அவருடைய கை அவளுடைய மணிக்கட்டில் இருந்தது. காய்ச்சல் கோட்டை ஏற்றிக்கொண்டே போக, நடுக்கம் அதை இறக்கிக்கொண்டே இருந்தது. அப்படி ஓர் இழுபறியில் காலை முழுவதும் கழிந்தது. பிறகு கை நின்றது. நின்ற பிறகும் உடம்பில் சூடு கொஞ்ச நேரம் இருந்தது. இறக்க ஆளில்லாததால் அந்தச் சூடு முழுவதையும் கோடு வாங்கிக்கொண்டு ஏறி, முழங்கைக்கு நாலு விரல் மேலே போய் நின்றது. உடம்பைக் கழுவியவர்கள், இவ்வளவு சீக்கிரம் இப்படிச் சில்லிட்ட உடம்பைப் பார்த்ததில்லை என்றார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் உள்ளே ஏதோ தளும்புவதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி யாரும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

அதன் பிறகு கோட்டை இறக்க ஆள் இல்லை. எதிர்வீட்டு அக்கா நல்ல பலசாலி, உடைக்கும் அறைக்கு மூட்டை சுமந்தவள். அவள் பிடித்து உதறியதில் தோள்தான் பிசகியது. தொழிற்சாலையில் கை ஆடுகிற பெண்கள் ஆளுக்கொரு நாள் வந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்கள். கோடு அவர்களை மதிக்கவே இல்லை. மகள் பிடித்தபோது மட்டும் ஓர் இழை இறங்கி, உடனே திரும்பி ஏறிக்கொண்டது. மகளுக்கு அப்போது கல்யாண வயது. கடைவீதியில் கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தாள். எள்ளளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து மூச்சை அடக்கி இடத்தில் வைக்கும்போது ஆடாத கை அவளுடையது; ஊரிலேயே அப்படி ஒரு கை இல்லை என்று கடைக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். பாதரசம் பக்கமே அவள் போகக்கூடாது என்று அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடித்துப் போட்ட வேலை அது.

காய்ச்சலக்கா கதவைச் சாத்திக்கொண்டாள். வேலையையும் விட்டாள். யாராவது சூட்டோடு எதிரில் வந்து நின்றால் கோடு ஏறும், ஏறினால் இறங்காது, நெஞ்சு அதிக தூரம் இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த தாய்மார்கள் வாசலோடு திரும்பினார்கள். வெளியே போகும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு தெருவின் ஓரமாக நடந்தாள். யாராவது இருமினாலே எதிர்ப்பக்கம் போய்விடுவாள். ஆனால் மகள் ஒன்றைப் பார்த்துவிட்டாள். அடுப்படியில் தனியாக இருக்கும்போது அம்மா சட்டைக் கையை மேலே சுருட்டி, கோடு நின்ற இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது உங்கப்பாவோட காய்ச்சல்டி. கடைசியா அவர்கிட்ட இருந்த சூடு. இறங்காம இருந்தா இருக்கட்டும், விடு" என்றாள்.

மகள் விடவில்லை. அவள் ஒரு கணக்குப் போட்டாள். வீட்டு மனிதரின் கை இல்லாததால் மற்றவர்களுக்குக் கோடு அசையவில்லை. தனக்கு அசைந்தது, ஆனால் நிலைக்கவில்லை. ஆக, கை சரியான கைதான், அதில் ஆட்டம்தான் போதவில்லை. வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் அம்மாவை அழைத்துக்கொண்டு ரயில் ஏறியிருக்கும். வேறு தெருப் பிள்ளையாக இருந்தால்கூட இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கும். இது பாதரசத் தெருப் பிள்ளை. கையில் ஆட்டம் எங்கே கிடைக்கும் என்று அதற்குத் தெரியும். கடிகாரக் கடையில் சொல்லிக்கொண்டு, தொழிற்சாலையில் உடைக்கும் அறைக்கு எழுதிப் போட்டாள். அந்த அறைக்கு ஆள் தானாக வந்து கேட்பது அபூர்வம் என்பதால் மேலாளர் உடனே எடுத்துக்கொண்டார். அப்பா உட்கார்ந்த பலகையிலேயே உட்காரச் சொன்னார்கள். வீட்டில் கடிகாரக் கடைக்கு என்று சொல்லியே கிளம்புவாள். சாயங்காலம் வரும் வழியில் பொதுக்குழாயில் குளித்துவிட்டுத்தான் வருவாள். முடியை வழித்து வழித்துக் கழுவுவாள்.

ஆனால் முடியிலிருந்து எல்லாம் போய்விடாது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம், அம்மா ஜன்னல் பக்கம் உட்கார வைத்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பிலிருந்து ஒரு மணி உதிர்ந்து, தரையில் உருண்டு, வெயிலில் நின்றது. அம்மா அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு மகளுடைய வலது கையைப் பிடித்து, விரலை விரித்து, ஒரு காகிதத்தை அதன் மேல் வைத்தாள். தொழிற்சாலைப் பெண்கள் ஒருவரையொருவர் அப்படித்தான் சோதித்துக்கொள்வார்கள். காகிதத்தின் ஓரம் படபடத்தது.

"யாரக் கேட்டுடி போன?"

"உன்னக் கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

"அந்த மனுஷன் கைய வாரிக் குடுத்தது பத்தாதா? உன் கையும் வேணும்னு நான் கேட்டனா?"

"நீ கேக்கல. எனக்கு நீ வேணும். கையக் குடும்மா."

அம்மா கொடுக்கவில்லை. சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துப் பொத்தானைப் போட்டாள். கொடுத்தால், மகள் செய்தது சரி என்று ஆகிவிடும். கொடுத்தால், அவருடைய சூடும் இறங்கிப் போய்விடும். இரண்டில் எது பெரிய காரணம் என்று அவளுக்கே தெரியவில்லை. மகள் வேலையை விட்டுவிட்டாள், ஆனால் ஆட்டம் அவளை விடவில்லை. கடிகாரக் கடைக்காரர் ஒருநாள் வரச் சொல்லி ஒரு பழைய கைக்கடிகாரத்தைக் கொடுத்துப் பார்த்தார். திருகாணி தெறித்து எங்கோ போய்விழுந்தது. அவர் குனிந்து தேடுகிற பாவனையில் முகத்தை மறைத்துக்கொண்டார். இப்படி ஒரு வீட்டில் ஆடுகிற கை ஒன்றும், ஆட்டத்துக்குக் காத்திருக்கிற கை ஒன்றும், ஒன்றையொன்று தொடாமல் ஒரு வருடம் போல இருந்தன. ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். பேச்சு குறைந்துவிட்டது. மகள் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகப் படும் பாட்டை அம்மா பார்ப்பாள், உதவி செய்யக் கை எழும், மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள் என்று பயந்து உட்கார்ந்துவிடுவாள்.

மழைக்காலத்தில் ஊரில் காய்ச்சல் பரவியது. ஈயத் தெருவில் குழந்தைகள் வரிசையாகப் போயின. கல்லறைக் கற்களில் எழுத அவற்றின் பெயர்களைக் கேட்டபோது, பெற்றவர்களே யோசித்துத்தான் சொன்னார்கள். பிறகு அது பாதரசத் தெருவுக்கு வந்தது. ஒரு காலையில் மகள் எழுந்திருக்கவில்லை. உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "உள்ள வராதம்மா. தண்ணிய வாசல்ல வெச்சிட்டுப் போ." அம்மா தண்ணீரை வைத்தாள். கஞ்சியை வைத்தாள். வைத்தவை வைத்தபடி இருந்தன. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும்போதே கோடு ஓர் இழை நகர்ந்தது. மத்தியானம் குரலும் நின்றது. அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டாள். அந்தப் பலசாலி தோளால் ஒரே இடி இடித்ததில் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது.

மகள் கண் சொருகிக் கிடந்தாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். கோடு நாலு விரலைத் தாண்டியது. துணி உடனே காய்ந்தது. நனைத்து மறுபடி போட்டாள். கோடு அக்குளைத் தொட்டது. "எந்திரிச்சு வந்துடு, நான் பாத்துக்கிறேன்" என்று எதிர்வீட்டு அக்கா கத்தினாள். அம்மா எழுந்திருக்கவில்லை. இதயம் ஒரு துடிப்பை விட்டது. "நான் பெத்த பிள்ள. நான் போனாலும் இது இருக்கட்டும்" என்றாள். இரண்டாவது துடிப்பும் தவறியபோது அவள் கண் இருண்டு முன்னால் சாய்ந்தாள். அப்போது மகளுடைய கை, காய்ச்சல் நடுக்கமும் பாதரச நடுக்கமும் ஒன்றாகச் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த கை, துழாவி வந்து அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. தெரிந்து பிடித்தாளா, தண்ணீருக்குக் கை நீட்டினாளா என்று அவளுக்கே தெரியாது. கோடு இறங்கியது. அக்குளிலிருந்து மேல்கைக்கு, மேல்கையிலிருந்து முழங்கைக்கு, அங்கிருந்து மணிக்கட்டு வரைக்கும். இரண்டு நாள் அந்தக் கை அப்படியே பிடித்திருந்தது. காய்ச்சல் ஏற்றியதையெல்லாம் நடுக்கம் இறக்கிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டு அக்காதான் இரண்டு பேர் வாயிலும் கஞ்சி ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலையில் மகளுக்கு வியர்த்தது. காய்ச்சல் விட்டது. அப்போதுதான் அம்மா சட்டைக் கையைச் சுருட்டிப் பார்த்தாள். மேல்கை வெறுமையாக இருந்தது. புருஷன் செத்த அன்று அழாதவள், அன்றைக்கு ஊர் கேட்க அழுதாள். சூடு போயிடுச்சு, சூடு போயிடுச்சு என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மகள் படுத்தபடியே அம்மாவின் கையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கடிகாரத்துக்குள் பார்க்கிற மாதிரி பார்த்தாள். அந்தக் கண்ணுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. முழங்கைக்கு நாலு விரல் மேலே, தோலுக்கு அடியில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளித் துளி நின்றுகொண்டிருந்தது. மகள் கையை அதன் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தாள். அது இறங்கவில்லை. அம்மா கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அந்த இடம் மட்டும் கதகதப்பாக இருந்தது.

பிறகு பல வருடங்கள் போயின. பட்டன் பேட்டரி போட்ட, எண்ணைத் தானே சொல்கிற தெர்மாமீட்டர்கள் வந்தன. தொழிற்சாலையை மூடினார்கள். மேலாளர் வேறு ஊரில் பேட்டரித் தொழிற்சாலைக்கு மேலாளரானார். சுவர் இடிந்த இடத்தில் மழை பெய்தால் மண் மினுங்கும். பாதரசத் தெருவில் ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இருக்கிறவர்கள் வெட்கத்தில், காலையில் கதவைத் திறப்பதற்கு முன் தெருவில் யாரும் இல்லையா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். தாயும் மகளும் எங்கே போனாலும் கையைப் பிடித்துக்கொண்டே போனார்கள். புதிதாகக் குடி வந்தவர்கள், இந்த வயதிலும் என்ன பாசம் என்று சொல்லிக்கொண்டார்கள், அதுவும் தவறில்லை. மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. டம்ளரைப் பாதி நிரப்பி, அம்மாதான் அவள் வாயில் வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. கடிகாரக் கடைப் பக்கம் அவர்கள் போவதில்லை. பேட்டரி தீர்ந்துபோன வீட்டுக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இப்போதும் அவர்களிடம்தான் வருகிறார்கள். அம்மா கையை நீட்டுவாள். ஏறுவதைப் படித்துச் சொன்ன பிறகு மகள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். கோடு இறங்கும். மேலே அந்தத் துளி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். யாராவது குழந்தை அது என்ன என்று கேட்டால், அம்மா, "அது இவ அப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். நூல் அறுந்து துளி தனியாக நின்றுவிட்ட தெர்மாமீட்டரைத் தொழிற்சாலையில் உடைக்கும் அறைக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.